பெயரும் ஓர் அமானிதமே

குன்னூருக்கு அருகே பக்காசுரன் மலைமீது சிதைந்து கிடக்கும் கோட்டையை நீலகிரி மக்கள் திப்பு சுல்தானின் பெயரோடு சேர்த்தே சொல்வர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு வீழ்ந்தபின் இம்மலைநாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அக்கோட்டையை நினைக்கும்போது, அவர் வழித்தோன்றலாகக் கருதப்படும் ஒரு பெண்ணும் நம் நினைவுக்கு வருகிறார். அவர் நூர் இனாயத் கான். அவருடைய வீரத்தை நம்மில் பலர் அறிவோம். அவருடைய மரணம் ஆவணத்தில் பிழையாகப் பதிவாகிப் பின்னர் திருத்தப்பட்ட வரலாற்றை அறிந்தோர் சிலரே.

பரோடாவைச் சேர்ந்த சூஃபி அறிஞர் ஹஸ்ரத் இனாயத் கானின் மகளாக 1914-இல் மாஸ்கோவில் பிறந்தார் நூர். தாயார் அமெரிக்கர், வளர்ந்தது பிரான்சில். 1940-இல் ஜெர்மானியப் படை அங்கு நுழைந்தபோது குடும்பத்தோடு இங்கிலாந்து சென்று, விமானப்படையின் மகளிர் பிரிவில் நோரா பேக்கர் என்ற பெயரில் சேர்ந்தார். 1943 ஜூன் மாதம் வானொலிச் செய்தியாளராக இரகசியமாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். போலி அடையாளச் சீட்டில் அவர் பெயர் ஜான் மரீ ரெனியே. இரகசியப் பெயர் மாடலின். ஒரே உயிருக்கு நான்கு பெயர்கள்! அவ்வாண்டு அக்டோபரில் பிடிபட்ட அவர், ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் விலங்கிடப்பட்டுத் தனித்து அடைக்கப்பட்டார்.

போர் முடிந்ததும், காணாமற்போனவர்களைத் தேடும் பொறுப்பை வேரா அட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஏற்றார். 1944 ஜூலை 6 அன்று நாட்ஸ்வைலர் முகாமில் நான்கு பெண்கள் கொல்லப்பட்டது தெரியவந்தது. மூவரின் அடையாளம் தெரிந்தது. நான்காமவர் நூர்தான் என்று முடிவுகட்டி, அவ்வாறே எழுதியும் வைத்தனர்.

ஆனால் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையிலிருந்து மீண்ட ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் சாட்சியம் அம்முடிவை அசைத்தது. அங்கே கைதிகள் குவளையின் அடிப்புறத்தில் எழுத்துகளைக் கீறி ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினர். நூரும் நோரா பேக்கர் என்ற பெயரையும் இலண்டன் முகவரியையும் அவ்வாறே கீறி அனுப்பியிருந்தார். அவர் செப்டம்பர் வரை அச்சிறையில் இருந்தார் என்றால், ஜூலையில் வேறோர் ஊரில் இறந்திருக்க இயலாதே! விசாரணை மீண்டும் தொடங்கியது. 1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் முகாமில், வேறு மூன்று பெண்களோடு நூரும் கொல்லப்பட்டார் என்பது உறுதியாயிற்று. அப்போது அவருக்கு வயது 30.

அவ்வாறாயின் நாட்ஸ்வைலரில் இறந்த நான்காம் பெண் யார்? அவர் சோனியா ஒல்ஷனெட்ஸ்கி. இருபதே வயது நிரம்பிய யூதப் பெண். பிரான்சிலேயே பணியில் சேர்க்கப்பட்டவர் ஆதலால், இலண்டன் அனுப்பியோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒரு முஸ்லிம் இல்லத்துப் பெண்ணின் பெயர், தன்னை அறியாமலே, ஒரு யூதப் பெண்ணின் மரணத்தை மறைத்து நின்றது. பிழை திருத்தப்பட்டபோது இருவருக்கும் நீதி கிடைத்தது. உண்மை ஒருவருக்குச் சேரும்போது மற்றவருக்குக் குறைவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

அறுபது இலட்சம் யூதர்களை அழித்த அக்கொடுமையின் ஆவணங்களைக் கொண்ட பெருந்தொகுப்பொன்று ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரில் உள்ளது. ஏறத்தாழ 1 கோடியே 75 இலட்சம் மனிதர்களைப் பற்றிய குறிப்புகள் அங்குள்ளன. போலந்துக்காரரின் பெயரை ஜெர்மானிய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். உருசியப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் வேறுவிதமாக எழுதினார். ஆகவே அங்குள்ள பெயர் அட்டைகளை எழுத்துக்கூட்டலோடு ஒலியையும் கருத்திற்கொண்டு அடுக்கினர். ஒரே பெயரின் பல வடிவங்கள் ஓரிடத்தில் சேர்ந்தாலன்றோ ஒரு தாய் தன் மகனைத் தேடிக் கண்டடைய முடியும்! இத்தகைய காப்பகத்திற்குப் பயிற்சிக்குச் செல்லும் பட்டதாரி மாணவர் கற்கவேண்டிய முதற்பாடமும் இதுவே: ஒரு தாளை மட்டும் நம்பாதே, மற்றொரு மொழியிலுள்ள தாளோடு ஒப்பிட்டுப் பார்.

இப்பாடம் நமக்கு அயலானதன்று. நம் வீட்டு ரேஷன் அட்டையில் முகமது, ஆதாரில் முஹம்மத், பாஸ்போர்ட்டில் மற்றொன்று என ஒருவரே மூவராக நிற்கிறார். 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களைக் கேளுங்கள். ஒரு தாளின் மதிப்பு என்னவென்று அவர்கள் சொல்வார்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், எழுதுபவர் நீதியோடு எழுதவும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அது. பணத்துக்கே இவ்வளவு கவனம் வேண்டுமெனில், மனிதரின் பெயருக்கு எவ்வளவு வேண்டும்?

மலையின் ஈரக்காற்றில் பூஞ்சை படரும் பழைய நிகாஹ் தஃப்தர்களும், அரபுத் தமிழில் முன்னோர் எழுதிய குறிப்பேடுகளும், மையவாடிப் பதிவுகளும் நம்மிடம் இருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த இடத்தில் வைப்போம், படமெடுத்துப் பாதுகாப்போம், வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அருகில் அமர்த்தி எழுதிக்கொள்வோம். குவளையின் அடியில் கீறிய ஒரு பெயர் இரு பெண்களுக்கு நீதி பெற்றுத் தந்தது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பெயர்களைப் பேணும் நல்லுதவியை அல்லாஹ் நமக்கு வழங்குவானாக. ஆமீன்.