சட்சுகி ஃபுஜிசவா

ஜப்பானியக் கர்லிங் வீராங்கனை. பிறப்பு 1991, ஹொக்கைடோவின் கிட்டாமி. சுபு மின் நிறுவன அணியில் தேசியப் பட்டங்கள் வென்றபின், 2015இல் சொந்த ஊரின் லோகோ சொலாரே அணிக்கு வந்து தலைமையேற்றார். 2016 உலகப் போட்டியில் வெள்ளி.

பெயர் நிலைத்தது 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில்தான். அரையிறுதியில் தென்கொரியாவிடம் கூடுதல் சுற்றில் 7-8 எனத் தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தின் கடைசிக் கல் பிரிட்டன் கையில். ஜப்பான் ஒரே புள்ளி முன்னிலை. பிரிட்டன் அணித் தலைவி ஈவ் முயர்ஹெட் விட்ட கல்லால் மோதல் நிகழ்ந்து முடிந்தபோது, வட்டத்தின் நடுவுக்கு மிக அருகே நின்றது ஜப்பானின் கல். அதற்கு ஒரு புள்ளி; முடிவு 5-3. அதிர்ஷ்டமும் கைகொடுத்த வெற்றி. ஆயினும் கர்லிங்கில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2022 பெய்ஜிங்கில் அதே முயர்ஹெட் அணியிடம் 3-10 எனத் தோற்று வெள்ளி பெற்றார்.