மெழுகுத்தாளில் மேகம்

"நோ எடிட், நோ ஃபில்டர்" என்று போட்டோவுக்குக் கீழே பெருமையாக எழுதுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லின்னயஸ் ட்ரைப் ஞாபகத்துக்கு வருவார். 1850களில் பர்மாவையும் தமிழ்நாட்டுக் கோயில்களையும் படம் எடுத்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி அவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது ஆவணம். அவர் ஆவணத்தைத்தான் கொடுத்தார். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் தூரிகையை எடுத்து, நெகட்டிவின் பின்பக்கத்தில், வானம் இருக்கிற இடத்தில் மேகம் வரைந்தார். பகானின் பகோடாக்களுக்கு மேலே மிதக்கிற சில மேகங்கள் பர்மாவில் எழுந்தவை அல்ல, பெங்களூரில் மேசைமேல் வைத்துத் தீட்டப்பட்டவை.

அப்படியானால் அவர் பொய்யரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது. அவர் எந்த வரிசையில் வேலை செய்தார், எந்தக் கட்டத்தில் எதை முடிவு செய்தார் என்று பார்த்தால்தான் அந்த மேகம் ஏன் வந்தது என்று புரியும்.

ட்ரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். சென்னைப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோது போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். 1854இல் திரும்பி வந்ததும் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்து 1855ஆம் ஆண்டு சென்னைக் கண்காட்சியில் வைத்தார். அதைப் பார்த்துத்தான் பெரிய வேலை தேடி வந்தது. இரண்டாம் பர்மியப் போரில் பெகுவைப் பிடுங்கிக்கொண்ட ஆங்கிலேயர்கள், 1855இல் மின்டோன் மன்னரின் அரசவைக்கு ஆர்தர் ஃபெயர் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார்கள். அந்தக் குழுவில் ஓவியராக கோல்ஸ்வொர்தி கிராண்ட், புகைப்படக்காரராக ட்ரைப்.

கையில் என்ன கொண்டுபோவது என்பதுதான் முதல் கேள்வி. அப்போது புதிதாக வந்திருந்த முறை ஈரக் கண்ணாடித் தட்டு. படம் ஊசிபோலத் துல்லியமாக வரும். ஆனால் கண்ணாடியில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அந்த அவகாசம் சில நிமிடங்கள்தான். அதனால் இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், தண்ணீர் எல்லாம் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அந்தத் தட்டோடு பினாங்கில் போராடிய ஒருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ட்ரைப் தேர்ந்தெடுத்தது காகிதம். பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட மெழுகுத்தாள் முறையை ஒட்டியது அது. நல்ல காகிதத்தை எடுத்து, தேன்மெழுகை உருக்கி ஊற்றி, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டும். தாள் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுவதாக மாறும். அதைப் பொட்டாசியம் அயோடைடு கலந்த கரைசலில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். லெ கிரேயின் குறிப்பில் அந்தக் கரைசலுக்கு அடிப்படை அரிசி வேகவைத்த தண்ணீர். ஆமாம், கஞ்சித் தண்ணிதான். பாரிஸில் ஒருத்தர் போட்டோவுக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார் என்பதைப் படித்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அதன்பிறகு இருட்டறையில், மஞ்சள் வெளிச்சத்தில், சில்வர் நைட்ரேட்டில் தோய்த்தால் தாளுக்கு ஒளி பிடிக்கும் தன்மை வரும். அலசிக் காயவைத்து அடுக்கிக்கொள்ளலாம். அந்தத் தாள் சில நாட்கள் கெடாமல் இருக்கும், வெயில் நாட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. படம் எடுத்த உடனே கழுவவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரும் வசதி அதுதான். முந்தின இரவே தாளைத் தயார்செய்து வைத்துக்கொண்டு, காலையில் வெளிச்சம் சாய்வாக விழும்போது போய் எடுத்துவிட்டு, இரவு கூடாரத்துக்கு வந்து காலிக் அமிலத்தில் போட்டு உருவம் எழும்வரை மணிக்கணக்கில் காத்திருக்கலாம். ஹைப்போவில் நிலைப்படுத்திக் கழுவிக் காயவைத்தால் நெகட்டிவ் தயார். பாட்டில்களைச் சுமக்காமல் கேமராவை மட்டும் தூக்கிக்கொண்டு கோபுரத்தின் முன்னால் நிற்கலாம். தயாரிப்பு, எடுத்தல், கழுவுதல் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டதால் அவருக்குப் பார்ப்பதற்கு நேரம் கிடைத்தது. எங்கே நிற்பது, நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று யோசிக்கிற நேரம். அவருடைய படங்களில் தெரிகிற நிதானத்துக்குப் பாதிக் காரணம் இந்த ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. மெழுகுத்தாள் மந்தமானது. வெயிலிலேயே சில நிமிடங்கள் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும். இருண்ட மண்டபமென்றால் இன்னும் நீளும். அந்த நேரத்தில் குறுக்கே நடந்து போகிறவர் படத்தில் பதியவே மாட்டார். காற்றில் அசையும் மரம் வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். இன்னொரு தொல்லை, அந்தக் காலத்து வெள்ளி உப்புகளுக்கு நீல ஒளிதான் கண்ணில் படும். நீலவானமும் வெள்ளை மேகமும் அதற்கு ஒன்றுதான். கோபுரம் சரியாகப் பதியும் நேரத்துக்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெற்றுத் தாளாக வரும். அது மட்டுமில்லை, காகித நெகட்டிவில் அந்த வெற்று வானம் திட்டுத்திட்டாக, அழுக்குப் படிந்ததுபோலவும் வரும்.

மேகத்தை அவர் வரைந்தது இந்த இடத்தில்தான். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். நெகட்டிவின் பின்பக்கம் நிறம் தீட்டினால் அந்த இடத்தில் ஒளி போகாது, அச்சில் அது வெளுப்பாக வரும். எனவே மேகத்தின் வெண்மை வேண்டிய இடத்தில் அவர் நிறத்தைத் தடவினார். கறுப்புத் திட்டாகப் போன மரத்தில் இலைகளுக்கு நடுவே புள்ளிபுள்ளியாக வைத்து வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். கண் பார்த்ததைக் கேமரா பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். கேமரா விட்டுவிட்டதைத் திருப்பி வைப்பதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். இன்றைக்கு ரா கோப்பைத் திறந்து வானத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைக்கிறோமே, அந்த வேலைதான். ஒரு வித்தியாசம்: ரா கோப்பில் மேகம் எங்கோ ஒளிந்திருக்கும், ட்ரைப்பின் தாளில் அது இல்லவே இல்லை. இல்லாததை வரைவதற்கும் இருப்பதை வெளியே எடுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அவர் அதைத் தாண்டினார். அதை மழுப்ப வேண்டியதில்லை.

பர்மாவில் மழைக்காலமும் உடல்நலக் குறைவும் சேர்ந்து தொந்தரவு கொடுத்தும் 200க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அதில் 120ஐத் தேர்ந்தெடுத்தார். தேர்வும் வேலைமுறையின் ஒரு பகுதிதானே, இன்றைக்கு 2,000 கிளிக்கோடு வீட்டுக்கு வருகிற நம்மில் பலர் கோட்டைவிடுகிற பகுதியும் அதுதான். அந்த 120ஐ 50 தொகுப்புகளாக அச்சிட்டார். மொத்தம் 6,000 அச்சுகள். அன்றைக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி கிடையாது. நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவுதான். நெகட்டிவை உப்புத்தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்து, நிறம் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பிறகு தங்க உப்பில் நிறமேற்றி, நிலைப்படுத்தி, அலசி, அட்டையில் ஒட்டி, எண்ணும் தலைப்பும் உள்ள சீட்டை ஒட்டி. இதையே 6,000 தடவை. வேலை 1857இல்தான் முடிந்தது. அந்தச் சமயத்தில் மின்டோன் தலைநகரை அமரபுராவிலிருந்து மாண்டலேவுக்கு மாற்றத் தொடங்கியிருந்தார். ட்ரைப் எடுத்த அமரபுரா கொஞ்ச வருடத்தில் காலியான ஊராகிவிட்டது.

சென்னை அரசு அவரை மாகாணத்தின் அதிகாரபூர்வ புகைப்படக்காரராக்கியது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளோடு கிளம்பினார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நேரம். இராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சில மாதங்கள் சுற்றினார். மதுரையில் திருமலை நாயக்கர் மகால் இன்றிருப்பதுபோலச் செப்பனிடப்படவில்லை. பூச்சு உதிர்ந்து, இடிந்து நிற்கிற அந்த மகாலைப் பார்க்க வேண்டுமென்றால் ட்ரைப்பிடம்தான் போக வேண்டும். புதுமண்டபத்தின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தை எடுத்த படம் எனக்கு மிகவும் பிடித்தது. தூண்களுக்கு இடையே பக்கத்திலிருந்து வரும் வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கும். அங்கே தூரிகைக்கு வேலையே இல்லை.

தஞ்சாவூரில் அவர் செய்தது இதற்கெல்லாம் நேரெதிரானது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடுகிற கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் ஏறக்குறைய 19 அடி. இந்த மாதிரி வேலையில் அழகுக்கு இடமில்லை. ஒவ்வொரு தடவையும் கேமரா ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் இருந்தால்தான் வரிகள் ஒட்டும், எழுத்து படிக்கக் கிடைக்கும். மேகம் வரைந்த அதே ஆள்தான் இதையும் செய்தார். காட்சிக்கு ஒரு வேலைமுறை, வாசிப்புக்கு வேறொரு வேலைமுறை என்ற பிரிவு அவருக்குள் தெளிவாகவே இருந்திருக்கிறது. அவரை நான் பொய்யர் என்று சொல்லத் தயங்குவதற்குக் காரணம் இந்தச் சுருள்தான்.

அந்தத் தஞ்சாவூர் ஆல்பத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதியவர் யார் தெரியுமா? பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அதே ஜி.யு. போப். ஆல்பம் வந்தது 1858இல். தஞ்சைக் கல்வெட்டுகளை ஹூல்ஷ் படித்து 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக வெளியிடத் தொடங்கியது 1891இல். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தச் சுருள் படிப்பவருக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

எனக்கு உறுத்துவது மேகம் அல்ல, ஆட்கள். ஸ்ரீரங்கமும் மதுரையும் அவர் படங்களில் பெரும்பாலும் ஆளரவம் இல்லாமல் கிடக்கின்றன. பூக்காரம்மா இல்லை, தேங்காய் உடைக்கிறவர் இல்லை, மண்டபத்தில் படுத்துத் தூங்குகிறவர் இல்லை. மதுரைக் கோயில் வாசல் காலியாக இருந்த நாள் ஒன்று உண்டா என்ன? மந்தமான தாள் அவர்களை விழுங்கிவிட்டது என்று சொல்லலாம். அது பாதி உண்மை. பர்மாவில் மரத்துக்கு இலை தீட்டிக் கொடுத்தவர், இங்கே நடந்து போனவர்களைத் திருப்பி வைக்க நினைக்கவில்லை. அசையாமல் நில்லுங்கள் என்று கேட்டிருந்தால் நின்றிருப்பார்கள். பழங்காலச் சின்னங்களைப் பதிவு செய்வதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சின்னம் என்றாலே அதில் புழங்குகிறவர்கள் சேர்த்தி இல்லை என்ற எண்ணம் அந்த உத்தரவுக்குள்ளேயே இருந்தது. இன்றும் சுற்றுலாக்காரர்கள் கோயிலைப் படமெடுக்கக் கூட்டம் விலகும்வரை காத்து நிற்கும்போது, அல்லது செயலியில் விரலால் தடவி ஆளை அழிக்கும்போது, இந்த ஆல்பங்கள்தான் கண்முன்னே வருகின்றன.

ட்ரைப்பின் கதை சட்டென்று முடிந்துவிடுகிறது. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தில் கைப்பிடித்தம் செய்தவர் என்று இன்றும் அயர்லாந்துக்காரர்கள் பேரைச் சொல்லித் திட்டுகிற அதே ஆள். அரசின் நிதிநிலைமைக்கு இந்தப் புகைப்பட வேலை பெரிய ஆடம்பரம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். பொறுமையாகத் தாள் காய்ச்சி, பொறுமையாக அச்சிடும் முறைக்கு அரசாங்கக் கணக்கில் இடமில்லை. ட்ரைப் ராணுவ வேலைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அந்த அளவில் எதையும் எடுக்கவில்லை. 1902இல் பிறந்த ஊரிலேயே இறந்தார்.

6,000 அச்சு என்று எழுதும்போதே கேட்டிருப்பீர்கள்: இதையெல்லாம் ஒரு ஆள் செய்ய முடியுமா? முடியாது. பெங்களூரில் அவரிடம் உதவியாளர்கள் இருந்தார்கள். தாளை அலசியதும், சட்டத்தை வெயிலுக்குத் திருப்பியதும், ஒட்டியதும் அவர்களும்தான். ஆல்பத்தின் முகப்பில் இருப்பது காப்டன் எல். ட்ரைப்.

இந்த விஷயத்தில் கொஞ்சமாவது வாய் திறந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன். பின்னாளில் சீனாவை எடுத்துப் பேர் வாங்கியவர். 1862இல் சுமார் பத்து மாதம் பினாங்கில் இருந்தார். நான் முன்பு சொன்ன ஈரக் கண்ணாடித் தட்டுதான் அவருடைய முறை. பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு படம்கூட எடுக்க முடியாது. சீனர்கள் இது ஏதோ பேய் வேலை என்று ஒதுங்கிவிட்டதாகவும், அதனால் மெட்ராஸ்காரர்கள் இருவரைப் பழக்கி அச்சுப்போடவும் உதவிக்கும் வைத்துக்கொண்டதாகவும் 1875இல் வெளியிட்ட பயண நூலில் எழுதுகிறார். அவர்களைக் குறிக்க அவர் போட்டிருக்கும் சொல்லை இன்றைக்கு மலேசியாவில் யாராவது நம்மைப் பார்த்துச் சொன்னால் சண்டை வரும். அன்றைக்கு அது சாதாரணமாகப் புழங்கிய சொல்.

பெயர்கள் அந்த இடத்தில் இல்லை. ஆனால் வேலை என்னவென்று இருக்கிறது: அச்சுப்போடுவது. வெயிலில் சட்டத்தை வைத்து, நிறம் போதுமா இன்னும் ஏற வேண்டுமா என்று பார்த்து, எப்போது எடுப்பது என்று முடிவு செய்கிற வேலை. ஒரு படம் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்பது அந்த நிமிடத்தில்தான் தீரும். 1862இல் பினாங்கில் தாம்சன் விற்ற படங்கள் பலவற்றில் அந்த முடிவை எடுத்தது அந்த இரண்டு பேருடைய கண்ணாகத்தான் இருந்திருக்கும்.