படிப்படியாக ஏறிய பாரம்

எடையைப் படிப்படியாகக் கூட்டித் தூக்கும் பயிற்சிக்கு மருத்துவ உலகில் இடம் கிடைத்தது இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில்தான். பயில்வான்களுக்கு இந்த வழி அதற்கு முன்பே தெரியும். 1902-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆலன் கால்வர்ட் தொடங்கிய மைலோ பார்பெல் நிறுவனம், எடையைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய பார்பெல்களை விற்றது. தூக்க முடிந்தால் தூக்கு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்று கிடந்த நிலையான எடைக் குண்டுகளுக்குப் பதிலாக, அவரவர் பலத்துக்கேற்ற பாரம் வீட்டுக்கே வந்தது.

மருத்துவர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் இதை ஏற்கவில்லை. அதிக எடை தூக்கினால் தசை இறுகி உடம்பு வளையாமல் போகும், வேகம் குறையும், இதயம் கெடும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. அதனால் காயம்பட்டவர்களுக்கு லேசான எடை, நிறைய தடவை என்பதே விதியாக இருந்தது. சைக்கிள் மிதிப்பது, படியேறுவது, கப்பியில் சிறு எடையை இழுப்பது என்று சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்.

போர் இந்தத் தாமதத்தைத் தாங்க முடியாததாக்கியது. தொடை எலும்பு முறிந்தவர்களும் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் ராணுவ மருத்துவமனைகளை நிறைத்தார்கள். மாவுக்கட்டைப் பிரிக்கும்போது எலும்பு கூடியிருக்கும். தொடைத் தசையோ சூம்பிப் போயிருக்கும். சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் தாமஸ் டிலோர்ம் மாற்று வழி தேடியதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. இளம் வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவர், பிறகு பளு தூக்கியே உடம்பைத் தேற்றியவர். எடைப்பயிற்சிப் பழக்கமுள்ள ஒரு சார்ஜண்ட் முழங்கால் காயத்தோடு வந்தபோது, அவருக்குக் கனமான எடையையே கொடுத்துப் பார்த்தார். முழங்கால் வலுப்பெற்றது. மற்ற நோயாளிகளுக்கும் அதே வழி விரிந்தது.

இதற்கென்று உருவானது இரும்புப் பாதணி. நோயாளியின் காலணிக்கு அடியில் உலோகத் தகடு ஒன்றை வார்களால் இறுக்கிக் கட்டுவார்கள். தகட்டின் குறுக்கே ஒரு கம்பி. கம்பியின் இருபுறமும் எடைத் தட்டுகள். நோயாளி மேசை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, முழங்காலை மெதுவாக முழுதாக நீட்டி, மெதுவாக இறக்க வேண்டும். உதறி வீசக் கூடாது.

டிலோர்மின் உண்மையான சாதனை இந்தக் கருவி அல்ல, அவர் வகுத்த அளவுகோல். ஒருவர் பத்து முறை தூக்கிப் பதினோராவது முறை தூக்க முடியாத எடை எதுவோ, அதுவே அவருடைய ‘பத்து ஆர்.எம்.’ (ரெபிடிஷன் மாக்ஸிமம்). இந்த எடையை அவ்வப்போது சோதித்து, தசை வலுப்பெற்ற அளவுக்கு மட்டும் பாரத்தைக் கூட்டினார். பாரம் எவ்வளவு என்பதை மருத்துவரின் அச்சமோ நோயாளியின் ஆர்வமோ தீர்மானிக்கவில்லை. அந்தத் தசையின் அன்றைய வலிமை தீர்மானித்தது. காயம்பட்ட மூட்டில்கூடக் கனமான பயிற்சி சாத்தியமானது இதனால்தான்.

1945-இல் வெளியான அவருடைய கட்டுரை, பத்துப் பத்தாக 70 முதல் 100 முறை வரை தூக்கச் சொன்னது. அது மிகை என்பதை அனுபவமே காட்டியது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து 1948-இல் அதைப் பத்து முறை கொண்ட மூன்றே செட்டாகக் குறைத்தார். பத்து ஆர்.எம். 20 கிலோ என்றால் முதல் செட் 10 கிலோ, அடுத்தது 15, கடைசி 20. முதல் இரண்டும் தசையைத் தயார் செய்பவை. முழு உழைப்பும் மூன்றாவதில்தான். தன் முறையையே வெட்டிச் சுருக்க அவர் தயங்கவில்லை என்பது பாராட்டுக்குரியது. போலியோவால் கால் தூக்கவே முடியாதவர்களுக்குக் கப்பி வழியாக எதிர் எடை மாட்டிக் காலின் பாரத்தையே குறைத்தார். தசை தேறத் தேற அந்த உதவி எடையும் குறையும். டிலோர்மும் வாட்கின்ஸும் எழுதிய நூல் 1951-இல் வந்தது.

அதே ஆண்டு ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மருத்துவர் ஸினோவியெஃப் இந்த மூன்று செட் வரிசையைத் தலைகீழாக்கினார். கனமான செட் கடைசியில் வருவதற்குள் நோயாளி களைத்துவிடுகிறார் என்று கண்டு, முதலில் முழு எடை, பிறகு களைப்புக்கேற்பக் குறைப்பு என்றார். தசை இறுகும் என்ற பழைய பயத்துக்கும் அந்த ஆண்டு பதில் கிடைத்தது. ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பளு தூக்குதலை நெடுங்காலம் சந்தேகித்த பீட்டர் கார்ப்போவிச், வில்லியம் ஸோர்பாஸுடன் சேர்ந்து 600 பேரின் கை சுழற்றும் வேகத்தை அளந்தார். பளு தூக்குவோரின் கைகளே விரைவாகச் சுழன்றன.

இன்றைய ஜிம்களில் புதிதாகச் சேருபவருக்கு எழுதிக் கொடுக்கும் ‘பத்துப் பத்தாக மூன்று செட்’ பெரும்பாலும் டிலோர்ம், வாட்கின்ஸ் வழி வந்ததே. ஆனால் பல இடங்களில் மூன்று செட்டுக்கும் ஒரே எடையைப் போடுகிறார்கள். 1948-இன் முறையில் முழு எடை கடைசிச் செட்டுக்கு மட்டுமே உரியது.