எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளில் உட்பொதி அமைப்புகள்: உருவாக்கமும் வழுநீக்கமும்

எஃப்.பி.ஜி.ஏ. என்பது, ஆலையில் செய்து முடிக்கப்பட்ட பின்னரும் தன் உள்ளிருக்கும் மின்சுற்றைப் பயன்படுத்துவோரே வேண்டியவாறு அமைத்துக்கொள்ள இடமளிக்கும் சில்லு ஆகும். இவ்வகையில் வணிக வெற்றி கண்ட முதல் சில்லாகக் கருதப்படும் எக்ஸ்.சி.2064, ராஸ் ஃப்ரீமன் நிறுவனர்களுள் ஒருவராக இருந்த சைலிங்ஸ் நிறுவனத்திலிருந்து 1985-இல் வெளிவந்தபோது அதில் 64 தருக்கத் தொகுதிகளே இருந்தன. இன்று பல்லாயிரம் தொகுதிகள் கொண்ட சில்லுகள் கிடைப்பதால், ஒரு முழுச் செயலியையே அவற்றுள் கட்டிவிடலாம்; சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலிகளின் சில வகைகள், ஆர்ட்டி ஏ7 என்னும் பலகையில் இவ்வாறு ஏற்றி இயக்கப்படுகின்றன. சிங்க்-7000 வரிசையிலோ, ஆர்ம் கார்டெக்ஸ்-ஏ9 செயலி சில்லிலேயே நிலையாகப் பதிக்கப்பட்டு, அதனருகே மாற்றத்தக்க தருக்கப் பகுதி அமைந்துள்ளது.

வெரிலாக் அல்லது வி.எச்.டி.எல். மொழியில் எழுதப்படும் சுற்று விவரணையை மென்பொருள் கருவி தருக்க உறுப்புகளாக மாற்றி, அவற்றுக்குச் சில்லில் இடம் ஒதுக்கி, இணைப்புகளை வகுத்து, இறுதியில் பிட்ஸ்ட்ரீம் எனப்படும் அமைவுக் கோப்பைத் தருகிறது. பெரும்பாலான சில்லுகள் இவ்வமைவை மின்சாரம் நின்றதும் இழந்துவிடுவதால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அதை ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டும்.

சாதாரண நுண்கட்டுப்படுத்தியில் வன்பொருள் பிறரால் சோதிக்கப்பட்டு வருவதால், வழு நிரலில்தான் இருக்கும் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இங்கு வன்பொருளும் உருவாக்குநர் எழுதியதே ஆகையால், அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. சுற்றில் ஒரு தொகுதியின் முகவரி மாறியிருக்க, சி நிரல் பழைய முகவரியையே பயன்படுத்தினால் மதிப்பு தவறான இடத்துக்குப் போகிறது. செயலி கேட்டதற்குத் தருக்கத் தொகுதி விடையே அளிக்காவிட்டால், செயலி அந்த ஒரு கட்டளையிலேயே உறைந்து நிற்க, வழுநீக்கியாலும் அதை நிறுத்திப் பார்க்க இயலாமல் போவதுண்டு.

இவற்றை ஆராயும் வாயில் ஜே-டேக் ஆகும். பலகையின் பற்றவைப்புகளைச் சோதிப்பதற்காக 1990-இல் ஐ.இ.இ.இ. 1149.1 எனத் தரப்படுத்தப்பட்ட இவ்விணைப்பின் வழியே இன்று பிட்ஸ்ட்ரீம் ஏற்றப்படுகிறது, செயலியும் நிறுத்தப்படுகிறது, சில்லினுள் கட்டப்படும் தருக்கப் பகுப்பாய்வியின் பதிவுகளும் வெளியே எடுக்கப்படுகின்றன. இப்பகுப்பாய்வி சில்லின் சொந்த நினைவகத்தையே செலவிடுவது. 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 4,096 மாதிரிகளைத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்தாலும் கிடைப்பது 41 மைக்ரோவினாடிக் காட்சி மட்டுமே என்பதால், எந்த நிகழ்வில் பதிவைத் தொடங்குவது என்ற தேர்விலேயே வழுநீக்குநரின் திறமை வெளிப்படுகிறது. மேலும், பகுப்பாய்வியைச் சேர்த்ததும் சுற்றின் இட ஒதுக்கீடு மாறுவதால், நேர வரம்பின் விளிம்பில் நின்ற வழு மறைந்துவிடவும் கூடும்.

குறிப்பாகக் குழப்புவது கேஷ் நினைவகம் சார்ந்த வழு. டி.எம்.ஏ. என்னும் நேரடி நினைவக அணுகல் முறையில் தருக்கப் பகுதி முதன்மை நினைவகத்தில் புதிய தரவை எழுதிவிட்ட பின்னும், செயலி தன் கேஷில் கிடக்கும் பழைய பிரதியையே படிக்கக்கூடும். சோதனைக்காக அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்தால், அதுவே கேஷின் பழைய உள்ளடக்கத்தை வெளியேற்றி வழுவை மறைத்துவிடலாம். நினைவகத்துக்குச் செல்லும் பாதையில் சரியான தரவு செல்வதைப் பகுப்பாய்வி காட்டினால், ஐயம் செயலியின் பக்கம் திரும்புகிறது; உரிய கேஷ் வரிகளைச் செல்லாதவையாக்கிய பின் படிப்பதே தீர்வு.

இரு வேறு கடிகாரங்களுக்கிடையே கடக்கும் குறிப்பலை, மாறிக்கொண்டிருக்கும் கணத்தில் படிக்கப்பட்டால், 0 எனவோ 1 எனவோ உறுதிப்படாத நிலையில் சிறிது நேரம் தங்கக்கூடும். ஒரே கடிகாரத்தைப் பின்பற்றிப் பதியும் பகுப்பாய்விக்கு இந்நிலை புலப்படாது. எனவே, அத்தகைய கடப்புகள் ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்து இரு ஃபிளிப்-ஃபிளாப்கள் கொண்ட ஒத்திசைவி போன்ற காப்பு உண்டா என்பதைச் சுற்று விவரணையிலேயே சரிபார்க்க வேண்டியிருக்கிறது.