யாருடைய முகம்?

தொலைக்காட்சித் திரையில் தோன்றும் முகத்தைப் பார்த்து, சாம்பலோ பழுப்போ ஏற்றிய நிறத்தாளில் வண்ணப் பென்சில் கொண்டு வரைவதை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் உண்டு. ஆயின், எதிரே அமர்ந்திராத ஒருவரின் முகத்தை வரையும் வழக்கம் தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் இரண்டு ஏடுகள் திருகோணமலைத் துறைமுகத்தோடு பிணைந்தவை. அவற்றைப் புரட்டினால், யாருடைய முகம் தாளில் ஏறுகிறது என்பது கைத்திறன் பற்றிய வினா மட்டுமன்று, சமுதாய வினாவுமாகும் என்பது விளங்கும்.

1659இன் இறுதியில் வீசிய புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அதன் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் சிறைப்பிடிக்கப்பட்டனர். 1679இல் தப்பிய மகன், 1681இல் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். அதில் அரசனின் உருவப்படம் உண்டு. அதைச் செதுக்கிய கலைஞனோ அரசனைக் கண்டவனல்லன். கேட்ட செய்திக்குத் தான் பழகிய ஐரோப்பிய மரபின் வடிவத்தைக் கொடுத்தான். அதே நூலில் ஏரோட்டும் உழவனின் படமும் உண்டு. அரசனுக்குப் பெயர் இருக்கிறது; உழவனுக்குத் தொழில் மட்டுமே இருக்கிறது.

இரண்டாம் ஏடு திருகோணமலையின் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பர்மியப் போரின்போது 1852 ஒக்டோபரில் ஐராவதி ஆற்றிலே நோயால் மாண்ட கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின் அங்கே புதைக்கப்பட்டுள்ளார். அவர் புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. அவ்வம்மையாரின் முகத்தை, அவரது தமக்கை கசான்ட்ரா 1810ஆம் ஆண்டளவில் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் சிறியதொரு தாளில் வரைந்தார். இறுகிய உதடும் கூரிய பார்வையும் கொண்ட முகம் அது. கசான்ட்ராவுக்குப் பின் அத்தாள் சார்ள்ஸின் மகளிடம் சேர்ந்தது. ஜேன் இறந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், வாழ்க்கை வரலாற்று நூலொன்றுக்காக அதைப் பார்த்து வேறொரு படம் வரையப்பட்டது. அதில் பார்வை மென்மையாயிற்று, முகம் சாந்தமாயிற்று. 2017இல் பிரித்தானியரின் பத்துப் பவுண் தாளில் ஏறியது இந்தத் திருத்திய முகமேயாகும். படத்தைப் பார்த்துப் படம் வரைகையில் சமூகம் விரும்பும் முகம் உண்மை முகத்தை மெல்ல வெளியேற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்ரலில் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ரூபவாகினி வந்தது. பணமும் செல்வாக்கும் உள்ளவர் மட்டுமே ஓவியனை அழைத்துத் தம்மை வரைவிக்க முடிந்த காலம் போய், எந்தச் சிறுவனும் அமைச்சரையும் நடிகரையும் கிரிக்கெட் வீரரையும் அனுமதி கேளாமலே வரையும் காலம் வந்தது. 2020இல் கொள்ளைநோய் மக்களை வீட்டில் அடைத்தபோது, பிரித்தானியத் தொலைக்காட்சி நிலையமொன்று வாரந்தோறும் ஒருவரை இணையத்தின் வழியே நேரலையில் அமர்த்தி, வீட்டிலிருந்தோர் அவரை வரைய வழி செய்தது. இது கலையில் ஒரு சனநாயகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பாதிச் சனநாயகமே. வரையும் கை நம்முடையது; முகத்தைத் தேரும் உரிமையோ திரைக்கு உடையவரிடமே இருக்கிறது.

எனினும், இப்பயிற்சி கற்பிக்கும் பாடம் சிறிதன்று. திரையின் முகம் நில்லாது அசைவது. வெள்ளைத்தாளிலே அனைத்தையும் நிரப்பப் பொழுது போதாது. நிறத்தாளிலோ நடுத்தர ஒளியைத் தாளே தந்துவிடுகிறது. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பென்சிலும், கண்குழியிலும் தாடைக்கடியிலும் கரும்பழுப்பும் இட்டால் முகம் எழுந்து நிற்கும். இம்முறை பழமையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஓவியர் வாத்தோ, கறுப்பு, சிவப்பு, வெள்ளைச் சுண்ணக்கட்டிகளால் கறுப்பின இளைஞன் ஒருவனின் தலையை மூன்று கோணங்களில் வரைந்தார். அத்தாள் பாரிசின் லூவர் அரும்பொருளகத்தில் இருக்கிறது. அவ்விளைஞனின் பெயர் இல்லை.

இங்கே நாம் கருதவேண்டிய ஒன்றுண்டு. வெள்ளைத்தாளில் வெண்முகம் தாளாகவே நின்றுவிடுகிறது. நம்மவர் முகமோ கோடுமேல் கோடாக ஏற்றிய நிழலாகிறது. பழுப்புத்தாளில் அந்நிலை மாறுகிறது. அங்கே நம் தோலின் நிறமே தொடக்கம். இருளும் ஒளியும் அதன்மேல் வந்து சேர்பவை. பாடப் புத்தகத்திற்கு உறையிடும் பழுப்புத்தாளே பழகுவதற்குப் போதும். ஆனால் அது காலத்தால் நொறுங்கும். நிலைக்கவேண்டிய படத்திற்கு நல்ல தாளே தேவை.

நிலைக்கவேண்டிய படங்கள் எவை? சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. அவற்றைச் சுமந்தும் பொருத்தியும் எழுப்பிய கூலியாட்களின் முகங்கள் எங்கே? வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், தம் பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தி ஆண்டுக்கணக்காய்த் தெருவில் நிற்கின்றனர். வெயிலில் அப்படங்கள் வெளிறுகின்றன. பல வீடுகளில் எஞ்சியிருப்பது அந்த ஒரு படமே.

திரையைப் பார்த்துக் கை பழகட்டும், தவறில்லை. பழகிய கை அங்கேயே நின்றுவிடலாகாது. வலை பொத்தும் கிழவரும், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும், படமேந்திய தாயும் எதிரே இருக்கின்றனர். அவர்களின் இசைவு பெற்று, திருத்தாமல் வரைந்து, கீழே பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்போமாக. நொக்ஸின் நூலில் பெயரின்றி நிற்கும் உழவனுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.