சுமையும் சோறும்

1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி (அவர் பெயரில் அங்கே இன்றும் ஒரு தெரு உண்டு) உடனே கடலூருக்கு அருகே இருந்த தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடிக்கக் கிளம்பினார். கஜானாவில் பணமில்லை. வண்டி, மாடு, ஆள் எதுவும் போதவில்லை. கிடைத்தவர்களைச் சாதி பாராமல் பிடித்து வண்டியிழுக்கவும் சுமை தூக்கவும் வைத்தார். ஜூன் 2இல் கோட்டை விழுந்தது. மேல்சாதியாரையும் சேரியாரையும் ஒரே நுகத்தில் பூட்டினாரே என்பதுதான் வெள்ளைக்கார வரலாற்றாசிரியர்களின் வருத்தம். தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கு இழுக்கப்பட்ட சேரிக்காக யார் வருந்தினார்கள்? அங்கே சுமை இயல்பு. மேல்சாதித் தோளில் ஏறினால்தான் கொடுமை!

1760இல் ஆங்கிலேயர் நம் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தனர். சேதராப்பட்டு போன்ற ஊர்களின் நெல் நகருக்குப் போகும் வழி அடைபட்டது. உள்ளே தானியம் குறைந்ததும் லாலி முதலில் கழித்தது வாய்களைத்தான். உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேர் வெளியே துரத்தப்பட்டனர். முன்னால் ஆங்கிலேயர் தடுத்தார்கள். திரும்பினால் பிரெஞ்சுத் துப்பாக்கி. எட்டு நாள் புல்வேரைத் தின்று நடுவெளியில் கிடந்தார்கள். பிறகே ஆங்கிலத் தளபதி கூட் வழிவிட்டார். கோட்டை 1761 ஜனவரி 16 வரை தாங்கியது, அவர்களுக்குத் தராத தானியத்தில்.