கோழி அமிலாய்டு நோய்

நாள்பட்ட அழற்சியின் விளைவாக, பறவையின் உறுப்புகளில் அமிலாய்டு எனப்படும் கரையாத புரத இழைகள் படியும் நோய். வளர்ப்புப் பறவைகளில் காணப்படுவது பெரும்பாலும் ஏஏ வகை. அழற்சியின்போது ஈரல் மிகுதியாகச் சுரக்கும் சீரம் அமிலாய்டு ஏ என்னும் புரதம் உருமடிப்புப் பிறழ்ந்து இழைகளாகத் திரள்கிறது. வாத்துகளில் ஈரலும் மண்ணீரலும் வீங்கி இறுகும். பழுப்பு முட்டைக்கோழிகளில் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் தொற்றைத் தொடர்ந்து மூட்டுகளில் ஆரஞ்சு நிறப் படிவு தோன்றி, பறவை நொண்டும். வெள்ளை இனங்கள் இதற்கு அவ்வளவாக ஆட்படுவதில்லை. காங்கோ சிவப்புச் சாயமேற்றிய திசு தளவிளைவு ஒளியில் ஆப்பிள் பச்சையாக ஒளிர்வது நோயை உறுதிசெய்யும்.

பரவும் முறையே தனிக்கவனத்துக்குரியது. ஆய்வகத்தில், அமிலாய்டு இழைகளை வாய்வழி பெற்ற கோழிகளுக்கு அழற்சியும் தூண்டப்பட்டபோது நோய் உண்டானது. உட்புகுந்த இழை, பறவையின் சொந்தப் புரதம் திரள்வதற்கு வித்தாகிறது. படிந்த அமிலாய்டைக் கரைக்கும் மருத்துவம் பண்ணை நடைமுறையில் இல்லை.